டிசி குடுத்து அனுப்பிட்டா போதை போயிருமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் மதுரைக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவுல ஒரு தனியார் பள்ளிக்கூட ஹாஸ்டல்ல பத்தொம்பது வருசம் வார்டனா இருந்துட்டு ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வேலைய விட்டவன். ஹாஸ்டல் பசங்ககிட்ட இருக்குற போதையப் பத்தியும், பிடிபட்டா டிசி குடுத்துப் பள்ளிக்கூடத்த விட்டே அனுப்பிடுறதப் பத்தியும்தான் இந்த லெட்டர். பள்ளிக்கூடம் பேரச் சொல்லல, ஏன்னா இது அந்த ஒரு பள்ளிக்கூடத்து விசயம் மட்டும் இல்ல, இந்தப் பக்கம் வார்டன் வேலை பாத்த யாரக் கூப்பிட்டு உக்கார வச்சுக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவாங்க. சித்திரைத் திருவிழா முடிஞ்சு அழகரும் மலைக்குப் போயிட்டாரு, இனி எல்லார் வீட்லயும் ஒரே பேச்சுதான், பயல எங்க சேக்குறது, எந்த ஹாஸ்டல் ஸ்ட்ரிக்ட்டு, எங்க போட்டா மார்க் வரும். ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்குறதுக்குள்ள இந்த லெட்டர் வந்துட்டா நாலு பேராவது யோசிப்பாங்கன்னுதான் இப்பவே எழுதுறேன். கொஞ்சம் நீளமாப் போகும், வெட்டாமப் போடுங்கய்யா.

2018 பொங்கல் லீவு முடிஞ்சு பசங்க எல்லாம் ஹாஸ்டலுக்குத் திரும்புன ராத்திரி. பதினொண்ணாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வுன்னு கொண்டுவந்த முதல் வருசம் அது, அதனால எங்களுக்கு ஏகப்பட்ட டென்சன். வாசல்ல பைய எல்லாம் பிரிச்சு செக் பண்ணித்தான் உள்ள விட்டோம், முறுக்கு, அதிரசம், கரும்புத் துண்டு, பெரிய கலர் பாட்டில், இதுல என்னத்தச் சந்தேகப்படுறது. பத்து மணிக்கு லைட் ஆஃப், நான் ஒரு ரவுண்டு போயிட்டு வந்து படுத்துட்டேன். காலைல நாலரை மணிக்கு எங்க மெஸ்ல சமைக்கிற அக்கா வந்து கதவத் தட்டுறாங்க, சார் அந்தக் கடைசி ரூம்ல ஒரு பய மூச்சு ஒரு மாதிரி இழுக்குது வாங்கன்னு. ஓடிப் போய் பாத்தா பதினொண்ணாவது படிக்கிற பய, தட்டுனாலும் கிள்ளுனாலும் அசைவே இல்ல, உடம்பு சில்லுன்னு இருக்கு, வாயோரம் வாந்தி காஞ்சு கெடக்கு. அக்காதான் நான் வர்றதுக்குள்ளயே அவன ஒருக்களிச்சுத் திருப்பிப் போட்டு வாயத் தொடச்சு விட்டிருந்தாங்க. அந்த கலர் பாட்டில்ல பாதிக்கு மேல பிராந்தி கலந்து கொண்டு வந்திருக்கான்.

மதுரைக்கு ஆஸ்பத்திரி கொண்டு போனோம், பொழச்சுட்டான், அதுல சந்தோசம். ஆனா அந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி இன்னும் எனக்கு மறக்கல, இவன மல்லாக்கப் படுக்க வச்சது யாருன்னு கேட்டாரு. அளவுக்கு மீறிக் குடிச்சு நினைவில்லாம கெடக்குறவன மல்லாக்கப் போட்டா வாந்தி மூச்சுக்குழாய்க்குள்ள போயி ஆளே போயிருவான், சின்ன வயசுப் பசங்களுக்கு ரத்தத்துல சுகரும் சட்டுனு எறங்கிரும், தூங்கி எந்திரிச்சாச் சரியாப் போயிரும்னு விடுறதுதான் இருக்குறதுலயே மோசம்னு சொன்னாரு. அதக் கேட்டுட்டு வந்து அந்த ரூம்ல இருந்த மத்த மூணு பசங்களயும் கூப்பிட்டேன். ராத்திரி பன்னெண்டு மணிக்கே வாந்தி எடுத்திருக்கான், மூணு பேரும் சேந்து அவய்ங்க கைலிய வச்சே தரையத் தொடச்சு, பெட்ஷீட்ட வாளில ஊறப்போட்டு, வாடை தெரியாம இருக்க பவுடரக் கொட்டி, அவன மல்லாக்கப் படுக்க வச்சுக் கழுத்து வரைக்கும் போர்த்தி விட்டு, நாலரை மணி நேரம் மூணு பேரும் தூங்காம அவன் நெஞ்சு ஏறி எறங்குதான்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்காய்ங்க. என் ரூம் அங்க இருந்து இருவது அடி. ஏன்டா வந்து எழுப்பலன்னு கேட்டேன், ஒருத்தன் அழுதுகிட்டே சொன்னான், "சொன்னா அவனுக்கு டிசி குடுத்துருவீங்கள்ல சார்."

நான் இத்தன வருசத்துல கேட்டதுலயே எனக்கு வலிச்ச பேச்சு அதுதான். அந்தப் பசங்க கெட்டவங்க இல்ல, கூட்டாளியக் காப்பாத்துறோம்னு நெனச்சாய்ங்க, நாங்க வச்சிருந்த சட்டம் அவய்ங்கள அப்படி நெனைக்க வச்சுது. ஹாஸ்டல்ல குடி, புகை, போதை எது பிடிபட்டாலும் உடனே வெளியேத்தம்னு சேக்குறப்பவே ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்குவோம், வருசா வருசம் பெத்தவங்க மீட்டிங்ல அதப் பெருமையா வேற சொல்லுவோம். அந்தப் பேப்பர்தான் அன்னைக்கு ராத்திரி ஒரு புள்ளையக் கொல்லப் பாத்துச்சு.

அதுக்கப்புறமாவது நிர்வாகம் யோசிச்சுச்சான்னா இல்லைங்க. நாலு பேருக்கும் டிசி, குடிச்சவனுக்கும் மறைச்சவங்களுக்கும் சேத்து. பரீச்சைக்குப் பேரெல்லாம் அனுப்பியாச்சுங்கறதால பரீச்சைய மட்டும் வந்து எழுதிட்டுப் போங்கன்னு சொல்லி அனுப்புனாங்க, நாலுல ரெண்டு பேரு வந்து எழுதுனாய்ங்க, மத்த ரெண்டு பேரு வரவே இல்ல. சொந்தக் காரணத்துக்காக நாங்களே டிசி கேக்குறோம்னு பெத்தவங்ககிட்ட எழுதி வாங்குவாங்க, அந்த லெட்டர நான்தான் உக்காந்து சொல்லச் சொல்ல எழுத வச்சேன், ஒரு அப்பா, பூ யாவாரம், எழுதத் தெரியாது, பெருவிரல்ல மையத் தடவி நான்தான் கையப் பிடிச்சு வச்சேன். என் சம்பளத்துக்காகச் செஞ்சேன், அது தப்புன்னு அன்னைக்கே தெரியும். எட்டாவது முடியிற வரைக்கும் எந்தப் புள்ளையயும் பள்ளிக்கூடத்த விட்டு வெளியேத்தக் கூடாதுன்னு 2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டமே சொல்லுது, ஆனா ஆறாவது ஏழாவது படிக்கிற பயலுகளுக்கும் இதே மாதிரி "சொந்தக் காரணம்" லெட்டர் வாங்கித்தான் அனுப்புறாங்க.

சரி, அவய்ங்கள அனுப்புனதுல ஹாஸ்டல் சுத்தமாச்சா? அடுத்த வருசம் வந்த பசங்க இன்னும் நல்லா மறைக்கக் கத்துக்கிட்டாய்ங்க, அவ்ளோதான்.

உள்ள என்னென்ன வருதுன்னு பெத்தவங்களுக்கு உண்மையிலயே தெரியல, அதனால சொல்றேன். எல்லாரும் கஞ்சா கஞ்சான்னு பயப்படுறாங்க, பயப்பட வேண்டியதுதான், ஆனா ஹாஸ்டல்ல நான் அதிகமாப் பாத்தது உதட்டுக்குள்ள வைக்கிற அந்தச் சின்னப் புகையிலைப் பைதான். புகை கெடையாது, வாடை கெடையாது, புதினா மாதிரி மணக்கும், கிளாஸ்ல வாத்தியாருக்கு முன்னாடி உக்காந்துகிட்டே வச்சுக்கலாம். தமிழ்நாட்ல குட்கா வகையறாவ 2013-லயே தடை பண்ணியாச்சு, பள்ளிக்கூடப் பசங்க இந்தப் பைய வைக்கிறதப் பத்தி 2024-ல ஐகோர்ட் மதுரைக் கிளையே கவலைப்பட்டுக் கேள்வி கேட்டுச்சு, ஆனாலும் கெடைக்குது. பள்ளிக்கூடத்துல இருந்து நூறு கஜத்துக்குள்ள எந்தப் புகையிலைச் சாமானும் விக்கக் கூடாதுன்னு 2003-ல இருந்து சட்டம் இருக்கு, நூறு கஜம்னா சுமாரா முன்னூறு அடி, எங்க காம்பவுண்டு சுவத்துல இருந்து டீக்கடை முப்பது அடி கூட இல்ல. எதுத்தாப்புல மஞ்சக் கோடு போட்டு "புகையிலை இல்லாப் பகுதி"ன்னு போர்டு வச்சிருந்தோம், அந்தப் போர்டு நிழல்லதான் வித்தாய்ங்க.

அப்புறம் ஒயிட்னர், பஞ்சர் ஒட்டுற பசை. இது சின்னப் பசங்க விசயம், ஆறாவது ஏழாவதுல ஆரம்பிக்கும், ஸ்டேசனரி கடைல யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் ஆஸ்பத்திரி எடுத்து 2019-ல வெளியிட்ட கணக்குல, பத்துல இருந்து பதினேழு வயசுப் புள்ளைங்கள்ல 1.17 சதவீதம் இந்த மாதிரி மோந்து பாக்குற போதைல இருக்காங்க, பெரியவங்கள்ல 0.58 சதவீதம்தான். பெரியவங்களவிடப் புள்ளைங்ககிட்ட கூடுதலா இருக்குற ஒரே போதை இதுதான்னு அந்த ரிப்போர்ட் சொல்லுது. இது திடீர்னு இதயத்த நிறுத்திப்புடும், முதல் தடவை மோந்தப்பவே நின்னு போயிரலாம், அதுனால இத சின்னதா நெனைக்காதீங்க. வலி மாத்திரை, தூக்க மாத்திரைன்னு ஒண்ணு கொஞ்ச வருசமா வந்திருக்கு, அத வெளியூர்ல இருந்து வர்ற டேஸ்காலர் அண்ணன்மார் கொண்டு வந்து குடுக்குறாய்ங்க. கஞ்சாவுக்குப் போலீஸ்காரங்க 2022-ல கஞ்சா வேட்டை 2.0-ன்னு தமிழ்நாடு பூரா நடத்துனாங்க, அதுல நல்லது நடந்துச்சு, ஆனா ஹாஸ்டல் பயலுக்கு எட்டுறது அந்தப் பெரிய மூட்டை இல்லைங்க, சட்டைப் பைல வர்ற சின்னப் பொட்டலம்.

குடி எங்க இருந்து வருதுன்னு கேட்டீங்கன்னா, கோவிச்சுக்காதீங்க, பாதி நம்ம வீட்ல இருந்துதான் வருது. கெடாவெட்டு, காதுகுத்து, மொட்டை எடுக்குறது, ஊர்த் திருவிழா, எதுவா இருந்தாலும் கொல்லைல ஒரு பந்தி தனியா நடக்கும், அங்க பதினாலு வயசுப் பயல மாமனோ சித்தப்பாவோ கூப்பிட்டு, ஏய் ஆம்பளப் பய, ஒரு வாய் பீரு குடிடா ஒண்ணும் ஆகாதுன்னு ஊத்திக் குடுக்குறாங்க, சுத்தி நிக்கிறவங்க சிரிக்கிறாங்க. எங்க ஹாஸ்டல்ல குடிச்சுப் பிடிபட்ட பயலுககிட்ட முதல் தடவை எங்க குடிச்சன்னு நான் தனியாக் கூப்பிட்டுக் கேப்பேன், முக்காவாசிப் பேரு சொன்னது சொந்தக்காரங்க விசேசம். அந்த மாமங்களுக்கு ஒண்ணு சொல்றேன், 2015 சிறார் நீதிச் சட்டம் 77-வது பிரிவுல, புள்ளைக்குச் சாராயமோ போதையோ புகையிலையோ குடுத்தா ஏழு வருசம் வரைக்கும் கடுங்காவல், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். கடைக்காரனுக்கு மட்டும் இல்ல, குடுக்குற யாருக்கும்தான். பாசத்துல குடுத்தேன்னு கோர்ட்ல சொல்ல முடியாது.

டாஸ்மாக்கையும் சொல்லாம விட முடியல. இருவத்தோரு வயசு ஆகாதவனுக்குக் குடுக்கக் கூடாதுங்கறது விதி, எந்தக் கடைலயும் வயசு கேட்டு நான் பாத்ததில்ல. பள்ளிக்கூடத்துல இருந்து கடை எவ்வளவு தூரம் தள்ளி இருக்கணும்னு பாத்தா டவுனுக்குள்ள 50 மீட்டர், கிராமத்துல 100 மீட்டர். எங்க பயலுக ஸ்போர்ட்ஸ் டேல நூறு மீட்டர பதினாலு செகண்டுல ஓடுவாய்ங்க. 2023-ல ஐநூறு கடைய மூடுனாங்க, நல்ல காரியம், ஹாஸ்டல் இருக்குற ஊர்ல இருக்குற கடைய அடுத்து மூடச் சொல்லிக் கேக்குறேன்.

இப்ப நான் முக்கியமாச் சொல்ல வந்ததுக்கு வர்றேன். இந்த மே மாசம் ஹாஸ்டல்ல சேக்க வர்ற பெத்தவங்கள்ல கொஞ்சப் பேரு, பய ஏற்கனவே பழகிட்டான்னு தெரிஞ்சுதான் கொண்டு வந்து விடுறாங்க. வீட்ல இருந்தா கூட்டாளிகளோட சேந்து கெட்டுப்போறான், ஹாஸ்டல்ல போட்டா கம்பிக்குள்ள கெடந்து திருந்திருவான்னு நெனைக்கிறாங்க. எங்ககிட்ட சொல்ல மாட்டாங்க, சொன்னா சீட்டு கெடைக்காது. நாங்களும் கேக்க மாட்டோம், கேட்டா பீஸ் போயிரும். பயலும் சொல்ல மாட்டான், சொன்னா டிசி. ஆக மூணு பேருக்கும் விசயம் தெரிஞ்சிருந்தும் ஒருத்தரும் பேசாம அந்தப் புள்ளைய அறுவது பேரு படுக்குற ஹால்ல கொண்டு போயி விடுறோம். ஒரு நாள் விடாமப் பழகுனவன திடீர்னு பூட்டி வச்சா கை நடுங்கும், தூக்கம் வராது, வேர்த்துக் கொட்டும், சில பேருக்கு, அதுலயும் தினமும் நெறையக் குடிச்சவனுக்கும் தூக்க மாத்திரைல இருந்தவனுக்கும், வலிப்பே வரும். அதுக்கு டாக்டர் வேணும். நாங்க என்ன செய்வோம்னா ஒழுங்கா ஸ்டடில உக்காருடான்னு பெரம்ப எடுப்போம்.

சில பெரிய பள்ளிக்கூடங்கள்ல இப்ப சிறுநீர் டெஸ்ட் பண்ற கிட்டு வாங்கி வச்சிருக்காங்களாம், எனக்குத் தெரிஞ்ச வார்டன் தம்பி ஒருத்தரு பெருமையாச் சொன்னாரு. அவருகிட்ட சொன்னதையே இங்கயும் சொல்றேன். கஞ்சா பல நாளைக்கு உடம்புல தெரியும், ரொம்பப் பழகுனவனுக்கு வாரக்கணக்குல கூடத் தெரியும், சாராயம் சாதா டெஸ்ட்ல கொஞ்ச மணி நேரத்துல காணாமப் போயிரும், ஒயிட்னரு, பசை எல்லாம் அந்தக் கிட்டுல தெரியவே தெரியாது. பசங்க இத எங்களவிட நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்காய்ங்க. கிட்டு வாங்குனா பய போதைய விட மாட்டான், கிட்டுல தெரியாத போதைக்கு மாறுவான், அதுல உயிருக்கே ஆபத்தானதும் இருக்கு. டெஸ்டே வேணாம்னு நான் சொல்லல, டாக்டரு வைத்தியத்துக்காக எடுக்கச் சொன்னா எடுங்க, டிசி குடுக்க ஆதாரம் தேடி எடுக்காதீங்க.

1985-ல போட்ட போதைப்பொருள் சட்டம் எவ்வளவு கடுமையானதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஜாமீன் கெடைக்கிறதே கஷ்டம்னு சொல்லுவாங்க. அந்தச் சட்டத்துலயே 64ஏ-ன்னு ஒரு பிரிவு இருக்கு. போதைக்கு அடிமையான ஒருத்தன், சொந்தமா உபயோகிச்ச கேசோ சின்ன அளவு வச்சிருந்த கேசோ இருந்து, தானா முன்வந்து அரசாங்க ஆஸ்பத்திரிலயோ அரசாங்கம் ஒத்துக்கிட்ட எடத்துலயோ வைத்தியம் எடுத்துக்கிட்டா அவன் மேல வழக்கு நடத்த மாட்டாங்க, பாதியில வைத்தியத்த விட்டாதான் அந்தப் பாதுகாப்பு போகும். முப்பது வயசு ஆளுக்கு, போலீஸ் கேசுல இருக்குறவனுக்கு, அரசாங்கம் அந்த ஒரு கதவத் தொறந்து வச்சிருக்கு. பதினஞ்சு வயசுல ஹாஸ்டல்ல கெடக்குற புள்ளைக்கு நாம அந்தக் கதவத் தொறக்க மாட்டேங்குறோம். நான் கேக்குறது அது ஒண்ணுதான்யா. தானா வந்து சொன்னவனுக்கும், கூட்டாளி ஆபத்துல கெடக்குறான்னு வந்து எழுப்புனவனுக்கும், டிசி கெடையாது, அடி கெடையாது, சஸ்பெண்ட் கெடையாதுன்னு சேக்குறப்ப குடுக்குற அதே பேப்பர்ல அச்சடிச்சுக் குடுங்க. பயலயும் அவன் அப்பா அம்மாவயும் உக்கார வச்சு அத வாசிச்சுக் காட்டுங்க.

இப்படிச் செஞ்சா பயம் விட்டுப்போகும்னு எங்க தாளாளர் சொன்னாரு. நான் ஒரு தடவை செஞ்சு பாத்தேன், அதனால சொல்றேன்.

அந்த டிசி விசயம் நடந்து அடுத்த வருசம், ஒம்போதாவது படிக்கிற ஒரு பய. முதல்ல கண்டுபிடிச்சது நான் இல்ல, அதே சமையல் அக்காதான். சார், அந்தப் பய காரமே திங்க மாட்டேங்குறான், புதன்கிழமை கறிக்கொழம்பு அன்னைக்குக்கூட மோர ஊத்தித்தான் திங்கிறான், வாயில என்னமோ இருக்கு பாருங்கன்னாங்க. இந்த வயசுப் பய கறிக்கொழம்ப வேணாங்குறான்னா அதுல விசயம் இருக்குன்னு அந்த அக்காவுக்குத் தெரிஞ்சிருக்கு, இத்தன வருசம் வார்டனா இருந்த எனக்குத் தெரியல. கூப்பிட்டு உதட்ட இழுத்துப் பாத்தா கீழ் உதட்டு உள்பக்கம் ரொம்ப நேரம் தண்ணில ஊறுன விரல் மாதிரி வெளுத்துச் சுருங்கிக் கெடக்கு. ஒரு நாளைக்கு எட்டுப் பை வரைக்கும் வச்சிருக்கான். அழுதான், சார் டிசி குடுத்துராதீங்க எங்கப்பா என்னை ஓட்டல் வேலைக்கு அனுப்பிருவாருன்னான். ஆபீசுக்குச் சொல்ல மாட்டேன், ஆனா நான் சொல்ற எடத்துக்கு வரணும், மறுபடி வச்சா நீயே வந்து எங்கிட்ட சொல்லணும்னு சொன்னேன், அவன் சத்தியம் பண்ணான், நானும் பண்ணேன்.

மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். மனநலப் பிரிவுன்னா பய பயந்துருவான்னு முதல்ல பல் டாக்டர்கிட்ட காட்டுனேன், அவரு பாத்துட்டு இப்ப நிறுத்துனா இது பெரும்பாலும் தானாச் சரியாகும், நிறுத்தலன்னா பின்னாடி புத்துநோய்ல கொண்டு போயி விட்டுரும்னு பயலுக்கே நேராச் சொன்னாரு. அப்புறம்தான் மனநலப் பிரிவு. அங்க ஓபி சீட்டு எடுத்து உக்காந்திருந்தப்ப, சார் இங்க பைத்தியக்காரங்கதான வருவாங்கன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டான். அந்த டாக்டரம்மா ரொம்பப் பொறுமையாப் பேசுனாங்க. முதல் மூணு நாலு நாள் மோசமா இருக்கும், கோவம் வரும், தலை வலிக்கும், படிப்புல புத்தி நிக்காது, மூணு நாலு வாரத்துல கொறஞ்சிரும், அந்த ஆசை வந்தா அஞ்சு பத்து நிமிசம்தான் உச்சத்துல நிக்கும், அத மட்டும் தாண்டு, தண்ணி குடி, எதையாவது மெல்லுன்னு சொல்லிக் குடுத்தாங்க. அக்கா பொட்டுக்கடலைய ஒரு கவர்ல கட்டி அவன் டவுசர் பைல போட்டு விட்டாங்க, தினமும் காலைல. அந்த முதல் வாரம் அவன் ரெண்டு பேர அடிச்சான், ஸ்டடில இருந்து எந்திரிச்சுப் போனான், மத்த வார்டனா இருந்தா அதுக்கே வெளிய அனுப்பிருப்பாங்க, எனக்குக் காரணம் தெரிஞ்சதால நான் அவன கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போயி ஓட விட்டேன்.

தீபாவளி லீவுக்குப் போயிட்டு வந்தவன் மறுநாள் காலைல என் ரூம் வாசல்ல நிக்கிறான். சார் ஊர்ல ரெண்டு நாள் வச்சுட்டேன், பைல இன்னும் மூணு இருக்குன்னு எடுத்து எங்கையில குடுத்தான். அவன் அத எங்கையில வச்ச நிமிசத்துலதான் எனக்கு உறுதியாச்சு, பசங்க சொல்லுவாய்ங்க, சொன்னா என்ன நடக்கும்ங்கறது மட்டும் அவய்ங்களுக்கு நல்லதாத் தெரியணும். பொங்கலுக்கு மறுபடி ஒரு தடவை விழுந்தான், அதுக்கப்புறம் இல்ல. அவன் அப்பாகிட்ட நான் முதல் வாரமே போயிச் சொல்லிட்டேன், அடிக்க மாட்டேன்னு சாமி படத்துக்கு முன்னாடி சொல்ல வச்சுத்தான் சொன்னேன். நிர்வாகத்துக்கு ஆறு மாசம் கழிச்சுத் தெரிஞ்சு எனக்கு மெமோ குடுத்தாங்க. வாங்கிக்கிட்டேன். அந்தப் பய பாலிடெக்னிக் படிச்சிட்டு இப்ப வேலைக்குப் போறான், போன பொங்கலுக்குப் போன் பண்ணான், கறிக்கொழம்பு திங்கிறியாடான்னுதான் முதல்ல கேட்டேன்.

விக்கிற பயலுக்கும் இதே சலுகையான்னு கேப்பீங்க. இல்ல. சின்னப் பசங்களுக்குக் காசுக்கு விக்கிறவன அந்த ஹாலுக்குள்ளயே வச்சிருக்க முடியாது, மத்தப் புள்ளைங்கள நாமதான் காப்பாத்தணும். ஆனா அவனயும் டிசி குடுத்துத் தெருவுல விட்டா வாங்கிக் குடுத்த பெரிய ஆளு நிம்மதியா இருப்பான். புள்ளைங்கள வச்சுப் போதைய விக்க விடுறவனுக்கு அந்தச் சிறார் நீதிச் சட்டம் 78-வது பிரிவுல அதே ஏழு வருசம் இருக்கு, போதைச் சட்டத்துலயும் பள்ளிக்கூடத்துக்குள்ளயோ பக்கத்துலயோ நடந்த குத்தம்னா தண்டனைய நீதிபதி கூட்டலாம்னு இருக்கு. போலீஸ் நம்பர் 10581-க்கு போன் பண்ணா பேர் சொல்லாமயே தகவல் குடுக்கலாம். நாங்க ஒரு தடவைகூட குடுக்கல, பள்ளிக்கூடம் பேரு பேப்பர்ல வந்துரும்னு பயம். ஐயா, பேப்பர்காரங்ககிட்டயும் இதுல ஒரு வேண்டுகோள், ஒரு ஹாஸ்டல் தானா முன்வந்து போலீசுக்குத் தகவல் குடுத்தா "பிரபல பள்ளியில் போதை"ன்னு கொட்டை எழுத்துல போடாதீங்க, அப்படிப் போட்டா அடுத்த ஹாஸ்டல் வாயே தொறக்காது.

ஞாயித்துக்கிழமையப் பத்தி ஒரு வார்த்தை. மதியம் பெத்தவங்க பாத்துட்டுப் போனதுக்கப்புறம் ரெண்டு மணில இருந்து ஆறு மணி வரைக்கும் ஹாஸ்டல் பயலுக்கு இருக்குற வெறுமை இருக்கே, யாரும் வராத பய இன்னும் பாவம், பக்கத்துப் பயலுக்குக் கொண்டு வந்த புரோட்டா பார்சலப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான். நான் பிடிச்ச கேசுல நெறைய அந்த நாலு மணி நேரத்துல நடந்தது. டெஸ்ட் வச்சும் ஸ்டடி வச்சும் அத அடைக்கப் பாக்குறாங்க. ஒரு பந்து, ஒரு கபடி கோடு, அவன் பேரச் சொல்லிக் கூப்பிட்டுப் பேச ஒரு ஆளு, அந்த நேரத்துக்கு இது வேணும். அறுவது பயலுக்கு ஒரு வார்டன்னு வச்சா அவனால எண்ணத்தான் முடியும், பேச முடியாது.

பெத்தவங்களுக்கு, பய பழகிட்டான்னு தெரிஞ்சா ஹாஸ்டல் தேடாதீங்க, முதல்ல ஆஸ்பத்திரி. பெரியாஸ்பத்திரில காசு கெடையாது. எங்க போறதுன்னு தெரியலன்னா 14446-ன்னு போதை மறுவாழ்வுக்கு இலவச நம்பர் இருக்கு, புள்ளைக்கு வேற ஆபத்துன்னா 1098. சென்னைல சாந்தி ரங்கநாதன் அம்மா 1980-ல போதைக்குன்னே ஒரு ஆஸ்பத்திரி ஆரம்பிச்சாங்க, குடும்பத்தயும் சேத்து உக்கார வச்சுதான் அங்க வைத்தியம், நாப்பத்தஞ்சு வருசத்துக்கு முன்னாடியே இத நோயாப் பாத்தவங்க நம்ம ஊர்ல இருந்திருக்காங்க. சேக்குறப்ப வார்டன்கிட்ட உண்மையச் சொல்லுங்க, சொல்லுறதுக்கு முன்னாடி டிசி குடுப்பீங்களான்னு கேளுங்க, குடுப்போம்னா வேற ஹாஸ்டல் பாருங்க.

கலெக்டர் அம்மாவோ ஐயாவோ யாரு இருந்தாலும் ஒரு வேண்டுகோள். பெண்களும் புள்ளைங்களும் தங்குற விடுதிகள முறைப்படுத்த 2014-ல சட்டம் வந்துச்சு, விடுதி நடத்த கலெக்டர்கிட்ட லைசென்ஸ் வாங்கணும். கக்கூஸ் எத்தன, ஜன்னல் எத்தன, தீயணைப்பு இருக்கான்னு எல்லாம் பாக்குறாங்க. அதோட சேத்து, தானா வந்து சொல்ற புள்ளைய என்ன செய்வீங்கன்னு எழுதிக் குடுங்கன்னு ஒரு கேள்வியும் கேக்கச் சொல்லுங்க. ஜூன் 26 போதை ஒழிப்பு தினத்துல உறுதிமொழி எடுக்குறோம், பேரணி போறோம், கையில தட்டி பிடிச்சுக்கிட்டு வெயில்ல நடக்குற பசங்கள்லயே ரெண்டு பேரு உதட்டுக்குள்ள பை இருக்கு, நான் கண்ணால பாத்திருக்கேன். அவய்ங்க யார்கிட்ட போயிச் சொல்றதுன்னு அன்னைக்காவது சொல்லி அனுப்பணும்.

மதுரை, உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கம் எந்த ஹாஸ்டல் கூப்பிட்டாலும் அந்தப் பேப்பர எப்படி எழுதுறதுன்னு உக்காந்து பேச நான் வர்றேன், ஞாயித்துக்கிழமை மதியமா இருந்தா ரொம்ப நல்லது, பசங்களோட கபடி ஆட முடியாது, கோடு போட்டுக் குடுப்பேன். என் விலாசம் உங்க ஆபீசுல குடுத்திருக்கேன்.

இப்படிக்கு,
முன்னாள் விடுதிக் காப்பாளர்,
செக்கானூரணி அருகில், மதுரை மாவட்டம்.